மூக்கு நிமிர ஓர் ஆண்டு

11 வயதில் ஆடிப்பெருக்கன்று, குடமுருட்டிப் படித்துறையில் காதோலை கருகமணி விடக் குனிந்தபோது பாசி வழுக்கி விழுந்தேன். கீழ்ப்படியின் விளிம்பில் மூக்கு மோதியது. பாவாடை முழுவதும் இரத்தம். பண்டிகை நாளில் யார் ஆஸ்பத்திரிக்கு அலைவது என்று, தெருவில் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து ஒரு திருகு திருகி, மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுப் போனார். வீக்கம் வடிந்தபோது மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு முண்டு. இடது துவாரத்தில் மூச்சு இல்லை. 20 ஆண்டுகள் கழித்து அந்த மூக்கை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்ட கதை இது.

என் கதையைவிட முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு மூக்கில் பலமாக அடிபட்டால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எலும்பு விலகியிருந்தால் அதைக் கத்தி வைக்காமலே நேராக நிமிர்த்திவிட முடியும். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம். குழந்தைகளுக்கு எலும்பு வேகமாகக் கூடிவிடுவதால் அதைவிடக் குறைவு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மூக்கின் நடுச்சுவருக்குள் இரத்தம் கட்டிக்கொண்டால் உள்ளே நீலம் பாரித்து மெத்தென்று வீங்கி மூச்சு அடைக்கும். அதை உடனே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கின் நடுப்பகுதியே உள்வாங்கிவிடும். எனக்கு அது நேராமல் போனது அதிர்ஷ்டம் மட்டுமே.

20 ஆண்டுகள் அந்த மூக்கோடு வாழ்ந்தேன். வாயைத் திறந்துகொண்டே தூங்குவேன். காலையில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்குக்கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர் வேலை எனக்கு. பயிர்க்கடன் வாங்க வரும் பெரியவர்கள், "அந்தக் கோணமூக்குப் பாப்பாவிடம் கேளுங்கள்" என்று வாஞ்சையோடுதான் சொல்வார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வலித்தது.

முதலில் நான் போனது ஒரு பெருநகரத்துச் சிகிச்சை மையத்துக்கு. உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் என் படத்தைக் கணினியில் ஏற்றி, மூக்கைச் செதுக்கி, "இதுதான் உங்கள் புது முகம்" என்று காட்டினார்கள். என் மூச்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூக்கின் உள்ளே விளக்கடித்துப் பார்க்கவும் இல்லை. அன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை என்றார்கள். அறுவை செய்யப்போகும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அறுவை நாளன்று பார்க்கலாம் என்று பதில் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். கணினிப் படம் ஒரு பேச்சுத் தொடக்கத்துக்கு உதவும், அவ்வளவுதான். தோலின் தடிமனும், குருத்தெலும்பின் வலுவும், தழும்பு ஆறும் விதமும் கணினிக்குத் தெரியாது.

பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். பொது அறுவை மருத்துவத்துக்கு மேலே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவர். காது மூக்கு தொண்டைப் பிரிவில் எம்.எஸ். முடித்து இந்த அறுவையில் தேர்ந்தவர்களும் செய்கிறார்கள். பட்டம் என்ன, இதே அறுவையை எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறீர்கள், மயக்க மருந்து கொடுப்பது யார், ஆபத்து வந்தால் அங்கேயே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று நான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். நல்ல மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார்.

அவர் முதலில் செய்த பரிசோதனை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. குளிர்ந்த எஃகுத் தகடு ஒன்றை என் மூக்குக்குக் கீழே பிடித்து, மெதுவாக மூச்சு விடச் சொன்னார். வலப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தகட்டில் ஆவி படிந்தது. இடப்பக்கம் ஒரு மிளகளவு படிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டது. 20 ஆண்டுகளாக நான் பட்ட பாட்டை ஒருவர் முதன்முறையாக என் கண்ணெதிரே எடுத்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒன்றே ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும் என்றால் எதைக் கேட்பீர்கள் அம்மா?" என்றார். மூச்சு என்றேன். அடுத்தது? சாய்வு. மூன்றாவது? முண்டு. நுனியை மெலிதாக்க வேண்டுமா, நீளத்தைக் குறைக்க வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். நீள மூக்கு என் அப்பாயி கொடுத்தது. சாய்வுதான் படித்துறை கொடுத்தது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாதவர்கள் இன்னும் சிறிது காலம் காத்திருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வரன் அமைய வேண்டும், கணவருக்குப் பிடிக்க வேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அறுவை மேசையில் படுக்காதீர்கள். அவற்றையெல்லாம் எந்த மூக்காலும் கொண்டுவந்து தர முடியாது. நாள் முழுவதும் கண்ணாடி முன் நின்று குறை தேடுகிற மனநிலை இருந்தால் அதற்கு முதலில் மனநல மருத்துவரின் துணை வேண்டும். இதை அந்த மருத்துவரே சொன்னார். மூக்கு வளர்ந்து முடியாத வயதிலும் வெறும் அழகுக்காகச் செய்யக் கூடாது. பெண்களுக்கு 15, 16 வயதும் ஆண்களுக்கு 17, 18 வயதும் ஆகட்டும் என்பார்கள்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி கொடுத்த மூக்கு, வெள்ளைக்காரன் வித்தையை நம்பிக் கத்தி வைப்பதா?" என்றார். இது நம் நாட்டு வித்தைதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் கட்டும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் மூக்கறுபட்ட கோவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் படித்துப் பழகித்தான் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் அங்கே செய்து பார்த்தார். அம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் தேதியை மட்டும் சொல். கூட வருகிறேன்" என்றார்.

தேதி பிடிப்பதே ஒரு பாடு. சம்பாப் பயிர்க் காப்பீட்டுப் பதிவு முடியும்வரை சங்கத்தில் யாருக்கும் விடுப்புக் கிடைக்காது. டிசம்பர் முதல் வாரம் குறித்தோம்; அடைமழையில் எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. சளியோடு மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்று தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2024 ஜனவரி 5. மார்கழி மாதம். வீட்டில் கல்யாணம் காட்சி இருந்தால் அதற்கு ஓராண்டுக்கு முன்னால் செய்துகொள்ளுங்கள். ஐப்பசியில் அறுவை, தையில் கல்யாணம் என்று திட்டம் போடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஆன மொத்தச் செலவு 1,40,000 ரூபாய். அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், மருத்துவ அவசியம் இருக்கும் சிகிச்சைக்கும் மட்டும் பணம் கிடைக்கும். மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் பகுதிக்குத் தனியாகப் பில் போடச் சொல்லி, ஸ்கேன் அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பித்தேன். அந்தப் பகுதிக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்தது. பல பாலிசிகளில் இதற்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்புக் காலம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகள் கூடாது. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். நாட்டு மருந்துதானே என்று எதையும் சொல்லாமல் விடாதீர்கள். அம்மா கிளறிக் கொடுத்த பூண்டு லேகியத்தைக்கூட மருத்துவர் நிறுத்தச் சொன்னார். புகைப்பவர்கள் பல வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். காயம் ஆறத் தேவையான இரத்த ஓட்டத்தைப் புகை குறைத்துவிடும்.

அறுவைக்கு முந்தின நாள் இரவு பேசரியை, அதாவது மூக்குத்தியை, கழற்ற வேண்டியிருந்தது. எட்டுக்கல் பேசரி, அப்பாயியுடையது. 14 வயதில் வலப்பக்கம் போட்டது, அதன் பிறகு ஒருநாளும் கழற்றியதில்லை. திருகு இறுகிப் போயிருந்தது. அம்மா என் தலையை மடியில் சாய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பஞ்சுத் திரியை உள்ளே செலுத்தித் துடைத்துத் துடைத்து, அரை மணி நேரம் போராடினார். 'கிட்' என்று ஒரு சிறு ஓசையோடு திருகு விட்டது. கல் இருந்த இடத்தில் தோல் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. அம்மா அதைத் தாலிக்கயிற்றுச் சிமிழில் போட்டு மூடினார். இந்த வேலையை அறுவைக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் முன்பே பத்தரிடம் போய்க் கழற்றிவிடுங்கள். இழுத்துப் புண்ணாகிவிட்டால் அறுவையே தள்ளிப் போகும்.

அறுவை மூன்று மணி நேரம் நடந்ததாம். எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சிறு தூணில் குறுக்கே கீறி, தோலைத் தூக்கி, வளைந்த நடுச்சுவரை நிமிர்த்தி, அதிலிருந்தே எடுத்த குருத்தெலும்பைத் தாங்கலாக வைத்துத் தைத்தார்கள். முண்டை ராவி, எலும்பை இருபுறமும் வெட்டி நேராக அமைத்தார்கள். வெளிக்கீறல் இல்லாமல் உள்வழியாகச் செய்வதும் உண்டு. என் மூக்கின் கோணலுக்குத் திறந்த முறைதான் சரி என்றார் மருத்துவர்.

வலியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் பயந்த அளவு வலி இல்லை, பாராசிட்டமாலிலேயே அடங்கியது. வேறு சில தொல்லைகளைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்ததும், விழுங்கிய இரத்தம் கருப்பு வாந்தியாக ஒரு முறை வெளியே வந்தது. அம்மா பதறிவிட்டார். மூக்குக்குள் சிலிக்கான் தகடுகள் வைத்திருந்ததால் ஒரு வாரம் வாயால்தான் மூச்சு. உதடு வெடித்தது, விழுங்கும்போதெல்லாம் காது அடைத்தது. தண்ணீர்ப் பாட்டிலும் உதட்டுக்குத் தடவ வாசலினும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். முதல் நாள் மூக்குக்கு அடியில் வைத்த பஞ்சு இளஞ்சிவப்பாக நனைந்துகொண்டே இருக்கும், அது இயல்பு.

தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மறுநாள் காரில் வந்தபோது ஒவ்வொரு பள்ளமும் மூக்கில் தெரிந்தது. இரண்டாம் மூன்றாம் நாள் கண் இரண்டும் நாவற்பழ நிறத்தில் வீங்கி மூடிக்கொண்டன. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் ஒற்றலாம்; மூக்கின்மேல் வைக்கக் கூடாது. இரண்டு வாரம் மூன்று தலையணை வைத்து மல்லாந்துதான் படுத்தேன். மெல்லும்போது மேலுதடு இழுக்கும் என்பதால் இட்லி, குழைந்த பருப்புச் சாதம். ஐந்தாம் நாள் அம்மா கொண்டுவந்த காப்பியில் மணமே தெரியவில்லை. அன்று முழுவதும் காரணம் தெரியாமல் அழுதேன். அறுவைக்குப் பிறகு நான்காம் ஐந்தாம் நாளில் மனம் இப்படிச் சோர்ந்து போவது பலருக்கும் நடக்கிறது. கூட இருப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் போதும், "ஆசைப்பட்டுத்தானே செய்துகொண்டாய்" என்ற பேச்சு வராது.

மார்கழியில் கோலம் போடக் குனிய முடியாதது எனக்குப் பெரிய குறை. குனிந்தால் மூக்குக்கு இரத்தம் பாயும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணி போட்ட கோலத்துக்குப் பூசணிப்பூவை எங்கே வைப்பது என்று மட்டும் சொன்னேன். தலைக்குக் குளிப்பதும் பின்னால் சாய்ந்துதான்.

ஜனவரி 12-ஆம் தேதி தகடுகளை எடுத்து, வெளியே மூக்கின்மேல் ஒட்டியிருந்த அச்சையும் பிரித்தார்கள். தகடு வெளியே வந்த அந்த நொடியில் இடது துவாரம் வழியாகக் காற்று குளிர்ச்சியாக நெற்றிவரை ஏறியது. 20 ஆண்டுகளில் முதல் முறை. அந்தச் சுகத்தில்தான் கண்ணாடியைக் கையில் வாங்கினேன். உள்ளே தெரிந்தது யாரோ. அகன்று, பளபளத்து, நுனி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு, எண்ணெய் வழிந்து பருக்கள் நிறைந்த மூக்கு. அம்மா எதுவும் பேசவில்லை. காரில் ஏறும்வரை நானும் பேசவில்லை.

அப்பாதான் வீட்டில் என்னைத் தேற்றினார். "நட்ட மறுநாள் வயலைப் பார்த்தால் யாருக்கும் அடுத்த போகம் நட மனம் வராது. பச்சை கட்டட்டும், பொறு" என்றார். நாற்றைப் பறித்து நட்டதும் பயிர் வெளிறித் துவண்டு நிற்கும். வேர் பிடித்துப் பச்சை கட்ட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அப்பா 40 ஆண்டுகளாக அதைப் பார்த்தவர். மூக்குக்கு அந்தக் கணக்கு போதவில்லை, அவ்வளவுதான். கண்ணைச் சுற்றிய கருமை இரண்டு வாரத்தில் போய்விட்டது. நுனி தூக்கல் ஆறு வாரத்தில் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் மாதம் தெரிந்தவர்கள் "ஏதோ மாறியிருக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்றார்கள். நுனி வீக்கம் முழுதாக வடிய ஓர் ஆண்டாயிற்று. நம்மில் பலருக்கு இருப்பதுபோலத் தடித்த தோலாக இருந்தால் இன்னும்கூட ஆகலாம். காலையில் வீங்கியும் மாலையில் வடிந்தும் இருக்கும். தினமும் படமெடுத்து ஒப்பிட்டால் மனம்தான் கெடும். மாதம் ஒரு படம், அதே இடம், அதே வெளிச்சம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

தும்மல்தான் என்னைப் பயமுறுத்தியது. போகிப் புகைக்குப் பயந்து கதவடைத்து இருந்தேன். ஆனால் மூன்றாம் வாரம் எங்கள் தெருவுக்குப் பின்னால் சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசும் சுணையும் வீட்டுக்குள் வந்து, அடுக்கடுக்காகத் தும்மல். வாயை நன்றாகத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைப் பொத்தி அடக்கவே கூடாது என்று சொல்லியிருந்ததைக் கடைப்பிடித்தேன். அப்படியும் சொட்டுச் சொட்டாக இரத்தம். முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டைக்குள் இறங்கியதைத் துப்பினேன். பத்து நிமிடத்தில் நின்றது. நிற்காமல் ஒழுகினாலோ, காய்ச்சல் ஏறினாலோ, குறைந்த வலி மறுபடி கூடினாலோ, ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கினாலோ, தெளிந்த நீர் வடிந்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் வயலோரம் குடியிருப்பவர்கள் இந்த அறுவைக்கு வேறு மாதம் பார்த்துக்கொள்வதே மேல். அந்த மூன்று வாரமும் உப்பு நீரை மூக்கில் பீய்ச்சிப் பொருக்கை ஊறவைத்தது பெரிய துணையாக இருந்தது. விரலையோ பஞ்சுக் குச்சியையோ உள்ளே விடக் கூடாது, சிந்தவும் கூடாது.

15 நாள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது மூக்குக்கண்ணாடிதான் சிக்கல். ஆறு வாரம் மூக்கின்மேல் எந்தப் பாரமும் கூடாது. கண்ணாடி இல்லாமல் எனக்குப் பேரேட்டு எண்கள் தெரியாது. கண்ணாடியின் நடுப்பாலத்தில் மருத்துவ டேப்பைச் சுற்றி நெற்றியில் ஒட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். கான்டாக்ட் லென்ஸ் போட முடிந்தவர்கள் அறுவைக்கு முன்பே பழகிக்கொண்டால் இந்தப் பாடு இல்லை. அக்கா மகனைத் தூக்கக் கூடாது என்பதும் இந்த ஆறு வாரத்தில் எனக்குக் கடினமாக இருந்தது. குழந்தைகள் தலையால் முட்டுவார்கள். மடியில் வைத்தால் முதுகு நம் பக்கம் இருக்கட்டும், இடையே ஒரு தலையணையும் இருக்கட்டும். மூக்கு நுனியிலும் மேல்முன்பற்களிலும் மரத்த உணர்வு சில மாதம் இருந்தது. சிரித்தால் மேலுதடு மரக்கட்டைபோல நின்றது. இரண்டும் தாமாகவே சரியாயின.

மூக்கு கச்சிதமாக நேராகிவிட்டதா என்றால், இல்லை. நான் சிரிக்கும்போது நுனி இன்னும் ஒரு நூலிழை இடப்பக்கம் போகிறது. முண்டு இருந்த இடத்தில் விரல் வைத்தால் சிறு நெருடல் தெரியும். குருத்தெலும்புக்குப் பழைய வளைவின் நினைவு இருக்கும், சிறிது திரும்பும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மறு அறுவை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் ஓர் ஆண்டாவது கழிய வேண்டும். நான் கேட்கவில்லை. இரவில் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன். சிகைக்காய் வாசமும், முதல் மழையில் வயல் மணமும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பேசரிக்கு வருகிறேன். துளை தூர்ந்துவிடும், வேப்ப ஈர்க்கைச் செருகி வை என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆறாத மூக்கில் ஈர்க்கு, நூல் எதுவும் கூடாது, சீழ் பிடித்தால் உள்ளே வைத்த குருத்தெலும்பே போய்விடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓராண்டுச் சோதனை முடிந்து அவர் சரி என்ற பிறகு, 2025 தையில் கும்பகோணத்தில் பத்தரிடம் போனேன். துளை பாதி சுருங்கியிருந்தது. அவர் மெல்லிய தங்கக் கம்பியை விளக்கில் காட்டி, ஆறவிட்டு, மெதுவாகச் செலுத்தினார். ஒரு மாதம் அந்தக் கம்பி வளையம்; பிறகுதான் எட்டுக்கல். திருகை இப்போது மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுகிறேன்.